ரைட்டுல போனா ராங்கு!

நான் வேலை பார்க்கிற வங்கியில் புதிதாகச் சேருகிற தம்பிகள் எல்லாரும் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "ஸார், நீங்க மாஜி மிலிட்டரியாமே... எத்தனை பேரைச் சுட்டீங்க?"

ஒருத்தரையும் சுடவில்லை. இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் ஸ்டீயரிங் பிடித்த ஆசாமி நான். ஆனால் ஒரே ஒரு தடவை நாலு பேரைக் கொல்லப் பார்த்தேன். அதுவும் போர்முனையில் இல்லை, நம்ம ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே. அந்த நாலு பேர்: என் நைனா, என் சம்சாரம், என் மகள், அப்புறம் நான்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

நைனாவுக்குத் தொழில் மீன்பாடி வண்டி. காசிமேட்டிலிருந்து விடிகாலையில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தால் கல்மண்டபம், பனைமரத்தொட்டி, வண்ணாரப்பேட்டை என்று ஒரு சுற்று. முப்பது வருஷ மிதியில் கெண்டைக்கால் இரண்டும் இரும்பு. 1992-ல் நான் ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்து பெங்களூரில் பயிற்சி முடித்ததும், "நம்ம பையன் மூணு டன் லாரி ஓட்றான்பா" என்று ஏலம் விடுகிற இடத்தில் ஏலத்தை விடச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரே ஒரு குறை. நான் வண்டி ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. ராணுவ லாரியை லீவுக்கு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர முடியுமா? ஒவ்வொரு லீவிலும் கேட்பார். "நெஜமாவே ஓட்றியாடா, இல்ல கழுவிக்கினு மட்டும் கீறியா?"

2008-ல் எனக்கு லெபனான் போஸ்டிங் வந்தது. சண்டை போட இல்லை ஸார், சண்டை வராமல் பார்த்துக்கொள்ள. ஐ.நா. சபையின் அமைதிப் படை. அதற்கு அதிகாரபூர்வமான பெயர் 'இடைக்காலப் படை'. 1978-ல் தற்காலிகமாக ஏற்பாடு செய்தார்கள். அதை 2026 டிசம்பர் 31-ஓடு முடித்துக்கொள்ளலாம் என்று பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டதே 2025 ஆகஸ்டில்தான். நம்ம ஆபீஸில் டெம்பரரியாகச் சேர்ந்து ரிடையர் ஆகிறவர்களை இனிமேல் யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.

இந்திய பட்டாலியன் அங்கே 1998-லிருந்து இருக்கிறது. தெற்கு லெபனானில் மர்ஜயூன் பக்கம், மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு வட்டாரம். எங்கே பார்த்தாலும் ஆலிவ் மரங்கள். தலைக்கு மேலே ஹெர்மோன் மலை, குளிர்காலத்தில் பனி தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் அதை ஷேக் மலை என்பார்கள். நம்ம படையில் மாட்டு டாக்டர் ஒருத்தர் உண்டு. அவருக்கு இருந்த மரியாதை ஜெனரலுக்குக்கூட இல்லை. ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு நின்றால் அரசியல் தகராறு பாதி நின்ற மாதிரி.

நம்ம விஷயத்துக்கு வருவோம். வண்டி!

எனக்குக் கொடுத்தது வெள்ளை வெளேரென்ற டொயோட்டா ஜீப். கதவில் கறுப்பில் 'யு.என்.' என்று ரெண்டே எழுத்து. ஏ.ஸி.! மூணு டன் லாரியில் பதினாறு வருஷம் வெந்தவனுக்கு ஏ.ஸி.! ஏறி உட்காரப் போனால் ஸ்டீயரிங்கைக் காணோம். எதிர்ப் பக்கத்தில் இருந்தது.

லெபனானில் எல்லாம் வலது பக்கம் ஓட்ட வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். நமக்கு வெள்ளைக்காரன் இடது பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனான், அவர்களுக்கு இவன் வலது. உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் வலது பக்கக்காரர்கள்தான் என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

ராணுவ லைசென்ஸ், சிவில் லைசென்ஸ் எல்லாம் அங்கே செல்லாது. ஐ.நா. தனியாகப் பரீட்சை வைத்தது. வெள்ளைக்காரர் ஒருத்தர் பக்கத்தில் அட்டையோடு உட்கார்ந்துகொண்டார். முதல் கியர் போட இடது கையை நீட்டினேன். கதவின் கைப்பிடி கையில் வந்தது. இழுத்தேன். கதவு திறந்தது. அவர் அட்டையில் ஏதோ எழுதினார். சிக்னல் போட்டேன், வைப்பர் ஆடியது. அதையும் எழுதினார்.

ஆனால் நல்ல மனுஷன். இறங்கும்போது ஒரு விஷயம் சொன்னார். எந்த நாடாக இருந்தாலும் டிரைவர் உட்கார்ந்திருக்கிற பக்கம் ரோட்டின் நடுப் பக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்றார். இரண்டாவது தடவை பாஸ் செய்துவிட்டேன்.

வண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி. நம்ம கார்டை அதில் தேய்த்தால்தான் பயணக் கணக்கு ஆரம்பமாகும். யார் ஓட்டினார், எவ்வளவு தூரம், எத்தனை வேகம் எல்லாம் அதில் ஏறிவிடும். வேகம் கூடினால் கீச்சென்று கத்தும். பெல்ட் போடாவிட்டால் மெமோ. கல்யாணமான ஆண்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை என்பதால் சீக்கிரம் பழகிவிட்டது.

பழகாமல் பயமுறுத்தியது வேறொன்று. 2006 ஜூலை, ஆகஸ்டில் நடந்த சண்டையில் கொட்டிய கொத்துக் குண்டுகள் வெடிக்காமல் லட்சக்கணக்கில் வயல்களிலும் ரோட்டோரத்திலும் கிடந்தன. ஆரஞ்சுப் பழம் பறிக்கப் போன சம்சாரிகள் எல்லாம் கால் போய், கை போய்... சின்னப் பிள்ளைகள் பொம்மை என்று எடுத்துவிடும். அதனால் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்ன ஒரே பாடம்: தாரை விட்டு இறங்காதே. எதிரில் லாரி வந்தாலும் சரி, டயர் பஞ்சரானாலும் சரி, ஒண்ணுக்கு வந்தாலும் சரி, சக்கரமும் காலும் தார் ரோட்டில்தான் இருக்க வேண்டும். ஒரு வருஷம் இதைச் செய்து பாருங்கள். மண்ணைப் பார்த்தாலே கால் பிரேக்குக்குப் போகும்.

மற்றபடி அந்த ஊர் டிராஃபிக் நம்ம மூலக்கொத்தளம் மாதிரிதான். ஹார்ன் அடிக்காதவன் மனுஷனே இல்லை. ரோடு பூரா பழைய பென்ஸ் கார்கள்! நம்ம ஊரில் அம்பாஸடர் ஓடியதே, அது மாதிரி பென்ஸ். 'ஸெர்வீஸ்' என்று சொல்லுவார்கள், ஷேர் ஆட்டோ மாதிரி ஷேர் டாக்ஸி. அதுவும் பென்ஸ்தான். காய்கறிக் கூடையோடு கிழவிகள் பென்ஸில் ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்கு நைனா ஞாபகம் வந்துவிட்டது. வாழ்நாளில் அவர் கார் ஏறியது இரண்டே தடவை. இரண்டும் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு.

முகாமுக்குப் பக்கத்தில் ஒரு காராஜ் வைத்திருந்த பெரியவர் எனக்கு சிநேகம். அங்கே அப்பாக்காரனை மூத்த பிள்ளை பெயரைச் சொல்லி 'அபு இன்னார்' என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பையன் இல்லையே, ஒரே பெண்தானே என்றேன். பரவாயில்லை என்று என் மகள் பெயரைச் சேர்த்தே என்னை 'அபு' ஆக்கிவிட்டார். அவரிடம் ஒரு பழைய பென்ஸ் இருந்தது. என் வயசுதான் அதற்கும். "எடுத்துக்கொண்டு போ, இரண்டாயிரம் டாலர்" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை ஸார். இரண்டாயிரம் டாலருக்கு பென்ஸ்! காசிமேட்டில் பென்ஸில் இறங்குகிற நைனா!

காலையில் சுபேதார் சாப் தெளியவைத்தார். பட்டாலியன் ஆட்கள் அங்கே சொந்த வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்று. பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அது மூன்று வயசுக்கு மேல் போயிருக்கக் கூடாது, ஸ்டீயரிங்கும் வலது பக்கம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முப்பத்தைந்து வயசு பென்ஸ், ஸ்டீயரிங் இடது பக்கம். இரண்டிலும் ஃபெயில். "பணத்தைச் சேர்த்து ஊரில் போய் ஒரு மாருதி வாங்கு" என்றார் சாப்.

வாங்கினேன். போஸ்டிங் முடிந்து இரண்டு மாச லீவில் வந்ததும் முதல் காரியம் அதுதான். பெரம்பூரில் ஒரு ரிடையர்டு வாத்தியாரின் மாருதி 800. எண்பத்தைந்தாயிரம் ரூபாய். மெக்கானிக் வேலை பார்க்கிற என் மச்சான்தான் அங்கிருந்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினான். தெருவே வந்து பார்த்தது. நைனா சுற்றிச் சுற்றி வந்து நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார். மீன்பாடி வண்டிக்காரருக்கு வண்டி வாங்குவதென்றால் டயரை உதைப்பதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் பூஜை போடுவதாக ஏற்பாடு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நைனா சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில். பின்னால் சம்சாரமும் ஆறு வயசு மகளும். "ஓட்றா பாக்கலாம்" என்றார் நைனா.

ஓட்டினேன். தெருவுக்குள் ஒரு தப்பும் இல்லை. இதைக் கவனிக்க வேண்டும் நீங்கள். நெரிசலில் தப்பு வராது. முன்னால் போகிறவன் பின்னாலேயே போய்விடுவோம். காலி ரோடுதான் ஆளைக் கவிழ்க்கும்.

எண்ணூர் போகிற கடற்கரைச் சாலைக்கு வந்தோம். சம்சாரம், "இன்னாங்க, பூ வாங்கணும்" என்றாள். பூக்காரம்மா கடல் பக்கமாக உட்கார்ந்திருந்தது. ரோடு காலி, நடுவில் தடுப்பும் இல்லாத இடம். அப்படியே குறுக்கே போய் பூக்காரம்மா பக்கத்திலேயே நிறுத்தினேன். பூ வாங்கியாயிற்று. மறுபடி கிளப்பினேன்.

ரோட்டின் விளிம்பு என் வலது கைப் பக்கம். ஒரு வருஷமாக விளிம்பு அந்தப் பக்கம்தானே இருந்தது! மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கோணிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நேரான மாதிரி. நாற்பது, ஐம்பது, அறுபது. கடல் காற்று. கொட்டி வைத்த பாறைகளில் அலை அடிக்கிற சத்தம். "சூப்பரா ஓட்றடா" என்றார் நைனா. வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

எதிரில் இரண்டு விளக்கு தெரிந்தது. பெரிய விளக்கு. கன்டெய்னர் டிரைலர், ஹார்பருக்குப் போகிறது.

"பாருங்க நைனா, எப்டி ராங் சைட்ல வர்றான்னு!" என்று சொல்லி, ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்து ஹார்னும் அடித்தேன் ஸார். நான்! அவனும் அடித்தான். அவன் ஹார்ன் கப்பல் ஹார்ன் மாதிரி. பின்னாலிருந்து சம்சாரம் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். "யோவ், நீதான்யா ராங்கு!"

அந்த இரண்டு விநாடியை இன்றைக்கும் படம் மாதிரி ஓட்டிப் பார்க்க முடியும். இடது பக்கம் ரோடு முழுசாகக் காலி. அங்கே போயிருக்கலாம். ஆனால் அது ராங் சைடு ஆச்சே என்றது மூளை! வலது பக்கம் மணல். யாராக இருந்தாலும் ஸ்டீயரிங்கை ஒடித்து மணலில் இறக்கியிருப்பான். தாரை விட்டு இறங்காதே, தாரை விட்டு இறங்காதே... கை மறுத்துவிட்டது. இரண்டும் இல்லாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நிறுத்தியது நான் இல்லை. அந்த டிரைலர்க்காரர்தான். அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு, டயர் தேய்ந்து புகை வர, பத்தடி தூரத்தில் நின்றது டிரைலர். கன்டெய்னர் ஒரு ஆட்டம் ஆடி அடங்கியது. மகள் அழவில்லை. பூவெல்லாம் நைனா மடியில் கொட்டியிருந்தது. நைனா இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும், லுங்கி, தோளில் துண்டு. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வதாகவும் தீர்மானம் செய்துவிட்டேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு ரொம்ப அமைதியாகக் கேட்டார்.

"துபாயா, சவுதியா?"

"இல்லண்ணே... மிலிட்டரி."

"மிலிட்டரியில ரைட்லயா ஓட்ட விடுறாங்க?"

"லெபனான்ல இருந்தேண்ணே. ஒரு வருஷம்."

"எங்க சித்தப்பா பையன் குவைத்துல இருந்து வந்து இதே மாதிரிதான் போனான்" என்றார். எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை. "ஒரு மாசத்துக்குத் தனியா எடுக்காத தம்பி. பக்கத்துல சொல்றதுக்கு ஒரு ஆள வெச்சுக்க." அவரே ரோட்டில் நின்று கை காட்டி என்னை இடது பக்கத்துக்கு அனுப்பிவைத்தார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான். அந்தக் காலத்தில் ஹார்பர் வாசலில் டிரைலர்கள் நாள் கணக்கில் க்யூவில் நிற்கும். தூக்கமில்லாமல் வருகிறவர்கள். அன்று அவர் கண் அயர்ந்திருந்தால்...

கோயிலில் பூஜை நடந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கினேன். நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். சம்சாரமும் மகளும் அவர் பின்னாலேயே. மச்சானுக்குப் போன் போட்டு வரவழைத்து, அவன் ஓட்ட, என் சொந்தக் காரில் நான் பக்கத்து சீட்டில் வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் மாருதி வாசலில் வெயில் காய்ந்தது. சாவியைச் சம்சாரம் அரிசி டின்னில் போட்டுவிட்டாள். தெருவில் விஷயம் பரவிவிட்டது. "இன்னா மிலிட்டரி, காரு கோலம் போடறதுக்கா?" என்று பசங்கள் கேட்கிற அளவுக்கு.

பர்மா பஜாரில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் தெருக்காரர். அவர்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் சொன்னார். பர்மாவிலும் முதலில் நம்மைப் போல இடது பக்கம்தானாம். 1970-ல் சர்க்கார் திடீரென்று வலது பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டது. ஆனால் கார்களின் ஸ்டீயரிங் எல்லாம் பழையபடி வலது பக்கமே இருந்தது. "பஸ்ஸுல ஏறுனா நடுரோட்டுல எறங்கணும். எங்க சொந்தக்காரங்க லெட்டர்ல எழுதுனாங்க. ஒரு நாடே தடுமாறிச்சு, நீ ஒரு ஆளு" என்றார். ஸ்வீடனில்கூட 1967-ல் ஒரே ராத்திரியில் இடதிலிருந்து வலதுக்கு மாறினார்கள். அவர்கள் நாள் குறித்து, ஊரெல்லாம் பிரசாரம் செய்து, மாறுகிற நேரத்தில் எல்லா வண்டியையும் நிறுத்தி வைத்து மாறினார்கள். எனக்கு அப்படி யாரும் செய்யவில்லை. விமானத்தில் ஏற்றி இறக்கிவிட்டு லீவு பாஸ் கொடுத்துவிட்டார்கள்.

ஆறுதல் சரி. ஆனால் பதினேழு வருஷ டிரைவர் என்று பீற்றிக்கொண்ட பையன் அப்பனை உட்காரவைத்து ஓட்டிய ஒரே தடவை அப்படி ஓட்டினான். லீவு முடிய ஒரு மாசம்தான் இருந்தது. நைனாவுக்கு அப்போதே நெஞ்சில் சளி, மூச்சிரைப்பு. அடுத்த லீவு எப்போதோ, யாருக்குத் தெரியும்? காரை விற்றுவிடலாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிகாலை நாலரை மணி. யாரோ தோளைத் தட்டினார்கள். நைனா. கையில் சாவி. அதில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எய்ந்திர்ரா. வண்டிய எடு."

"நைனா, வேணாம்..."

"எடுறான்னா."

முன் சீட்டில் ஏறிக்கொண்டார். சலவை வேட்டி இல்லை, வழக்கமான லுங்கி. "முப்பது வருசம் இந்த ரோட்டுல ஓரத்துலயே மெதிச்சிக்கினு போனவன் நானு. ஓரம் எங்க கீதுன்னு ஒன்னியவிட எனுக்குத் தெரியும். ஓரம் என் கையாண்ட இருக்கணும். நடு ரோடு ஒன் கையாண்ட இருக்கணும். ஓரம் ஒன் பக்கம் வந்திச்சின்னா கத்துவேன். அவ்ளோதான். போ."

பரீட்சை வைத்த வெள்ளைக்காரர் சொன்ன அதே விஷயம்! அவர் அட்டையோடு சொன்னார், இவர் பீடியோடு சொன்னார்.

லீவு முடிகிற வரைக்கும் தினமும் போனோம். கல்மண்டபம், சூரியநாராயண செட்டித் தெரு, 1856-ல் கட்டிய ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசல், அங்கேயிருந்து கடற்கரைச் சாலை. ஒவ்வொரு திருப்பத்திலும் நைனா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஓரத்தைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொள்வார். முதல் வாரத்தில் நாலு தடவை கத்தினார். இரண்டாவது வாரம் ஒரு தடவை. டிரைலர் நின்ற இடம் வந்தால் மட்டும் இரண்டு பேரும் பேசமாட்டோம். ஒரு நாள் அங்கே, "மண்ணுல எறக்குடா" என்றார். "பழகு. இங்க ஒண்ணும் வெடிக்காது." லெபனான் கதையெல்லாம் ராத்திரி மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் திண்ணையில் படுத்துக் கேட்டிருக்கிறார். இறக்கினேன். இரண்டு சக்கரம் மணலில் ஏறி இறங்கியது. முதுகெல்லாம் வியர்த்துவிட்டது எனக்கு.

எல்லாப் பழக்கமும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். லெபனானில் ராத்திரி செக்போஸ்ட் வந்தால் ஹெட்லைட்டைத் தணித்து, உள் விளக்கைப் போட்டு முகத்தைக் காட்ட வேண்டும். ஒரு தடவை ராத்திரி இங்கே போலீஸ் வண்டி மறித்தபோது என்னை அறியாமல் உள் விளக்கைப் போட்டு இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்த ஏட்டு, "இன்னாபா, சரண்டரா?" என்றார்.

லீவின் கடைசி நாள். காசிமேட்டுக்குப் போகச் சொன்னார் நைனா. ஏலம் நடக்கிற இடத்துக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே. சரியாக இடது ஓரம் பார்த்து நிறுத்தினேன். இறங்கவில்லை அவர். கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை ஜன்னலில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கூட்டாளிகள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். "பையன்தான் ஓட்றான்" என்றார் எல்லாரிடமும். டிரைலர் விஷயத்தை எவனும் எடுக்கவில்லை. ஒருத்தருக்குக் கல்மண்டபத்துக்கு இரண்டு கூடை போகணுமாம். "வண்டி சும்மாத்தானே போவுது, வெய்யி" என்றார் நைனா. வஞ்சிரம் ஒரு கூடை, சங்கரா ஒரு கூடை. பின் சீட்டில். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.

நான் ஊரில் இல்லாத நாட்களில் மச்சானை டிரைவராக வைத்து இந்த வியாபாரம் தொடர்ந்து நடந்திருக்கிறது. அடுத்த லீவில் வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஃபினாயில், ஊதுபத்தி, எலுமிச்சம்பழம், காப்பித் தூள், எதற்கும் மசியவில்லை. நைனா போய் இரண்டு வருஷம் கழித்து, 2014-ல் நான் ரிடையராகி வந்து வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் என்ஜினைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். டயரை உதைத்தார், திருப்தி. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் இறங்கிவிட்டார்.

வாசனைக்காக ஐயாயிரம் குறைத்தார். குறைத்துக்கொண்டேன்.